கூண்டுக்குள் அடி, கணக்கு யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

யூ.எஃப்.சி.க்குப் பாராமவுண்ட் நிறுவனம் 7.7 பில்லியன் டாலர் கொடுக்கிறதாமே ஐயா, இனிமேல் வீரர்கள் எல்லாரும் பணக்காரர்கள் ஆகிவிடுவார்களா?
– வாசகர், கோல கங்சார்

ஆகமாட்டார்கள். கூண்டுக்குள் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) நடத்துகிற நிறுவனம் யூ.எஃப்.சி. அதை ஒளிபரப்பப் பாராமவுண்ட் போட்ட ஒப்பந்தம் உண்மைதான். 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2026 முதல் ஏழு ஆண்டுகளுக்கு. ஆண்டுக்குச் சராசரியாக 1.1 பில்லியன் டாலர். அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய போட்டிக்கும் தனியாகக் காசு கட்டிப் பார்த்த காலம் இதோடு முடிகிறது, சந்தா கட்டினால் போதும். ரசிகனுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்தத் தனிக்கட்டணத்தில்தான் சாம்பியன்களுக்கு ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. எத்தனை பேர் காசு கட்டினார்களோ அதற்கேற்ற பங்கு. இனி அந்த எண்ணிக்கையே இல்லை என்றால் பங்கை எதை வைத்துப் போடுவார்கள்? செய்தி வந்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான்.

நான் செக்ரோல், அதாவது தோட்டக் கூலிப் பதிவேடு, எழுதியவன். தோட்டம் இந்த மாதம் எவ்வளவு ரப்பர் விற்றது என்பது பாதிக் கணக்கு. பால் மரம் வெட்டியவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பது மீதிப் பாதி. விளையாட்டுச் செய்திகளில் முதல் பாதியைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

இந்த மீதிப் பாதியைப் பார்ப்போம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. அங்கே சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் பேசி எழுதியிருக்கிறார்கள். யூ.எஃப்.சி.யிலோ வீரர்களுக்குப் போன பங்கு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று நீதிமன்றத்தில் வந்த கணக்குகள் காட்டின. புதிதாகச் சேர்கிற ஒருவருக்குப் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்த ஒப்பந்தம், சண்டை போட்டால் 12,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு 12,000. ஆண்டுக்கு இரண்டு மூன்று சண்டை கிடைத்தாலே அதிர்ஷ்டம். அதில் பயிற்சியாளருக்கு, மேனேஜருக்கு, வரிக்கு என்று கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பாருங்கள். நடுவர் புள்ளி ஒன்று மாறிப் போட்டால் பாதிச் சம்பளம் போச்சு. ஒருவர் மூக்கு உடைந்து, மூன்று சுற்றும் நின்று சண்டை போட்டு, தோற்றவர் என்பதற்காகப் பாதிப் பணத்தோடு வீட்டுக்குப் போவதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

வீரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள்: மற்ற நிறுவனங்களை வாங்கியும் ஒழித்தும், நீண்ட ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டும் எங்கள் கூலியை அமுக்கிவிட்டார்கள் என்று. 335 மில்லியன் டாலருக்குச் சமாதானம் பேசியதை 2024இல் நீதிபதி ஏற்க மறுத்தார். பிறகு 375 மில்லியனுக்கு ஒத்துக்கொண்டு, 2025 பிப்ரவரியில் முடிவானது. 2010 கடைசி முதல் 2017 நடுப்பகுதி வரை சண்டை போட்ட சுமார் 1,100 பேருக்கு அது பிரியும். மருத்துவச் செலவு, கடன், தலையில் வாங்கிய அடியின் பின்விளைவு என்று பலர் நீதிபதிக்குத் தங்கள் நிலையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்தாண்டு இழுத்த வழக்கு அது. 7.7 பில்லியன் என்ற எண்ணைப் பார்க்கும்போது பக்கத்திலேயே இந்த 375 மில்லியனையும் எழுதி வைத்துப் பாருங்கள்.

டபிள்யூ.டபிள்யூ.இ.க்கும் யூ.எஃப்.சி.க்கும் இப்போது ஒரே முதலாளியா?
– வாசகர், தைப்பிங்

ஆமாம். முடிவை முன்பே எழுதி வைத்து மல்யுத்தக் காட்சி நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.இ., சண்டை நடத்தும் யூ.எஃப்.சி. இரண்டையும் 2023 செப்டம்பர் 12இல் டி.கே.ஓ. குரூப் என்ற ஒரே நிறுவனத்துக்குள் சேர்த்தார்கள். அன்று யூ.எஃப்.சி.யை வைத்திருந்த எண்டெவர் நிறுவனத்துக்கு 51 சதவீதம், பழைய டபிள்யூ.டபிள்யூ.இ. பங்குதாரர்களுக்கு 49. அப்போது போட்ட மதிப்பு, யூ.எஃப்.சி.க்கு 12.1 பில்லியன், டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு 9.3 பில்லியன்.

இந்தக் கதையில் 2001ஆம் ஆண்டை மறக்கக்கூடாது. அந்த ஜனவரியில் ஃபெர்டிட்டா சகோதரர்கள் யூ.எஃப்.சி.யை வெறும் 2 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். 2016இல் சுமார் 4 பில்லியனுக்கு விற்றார்கள். அதே 2001 மார்ச்சில் டபிள்யூ.டபிள்யூ.இ. முதலாளி வின்ஸ் மெக்மேன் தன் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வைச் சில மில்லியனுக்கு வாங்கி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு மல்யுத்த வீரர் “சம்பளம் போதவில்லை, அந்தப் பக்கம் போகிறேன்” என்று சொல்ல அமெரிக்காவில் அந்த அளவுக்கு இன்னொரு பக்கமே இல்லை. 2019இல் ஏ.இ.டபிள்யூ. என்ற புது மல்யுத்த நிறுவனம் வந்த பிறகுதான் மறுபடி ஒரு கதவு திறந்தது. எனக்கு ஏ.இ.டபிள்யூ. காட்டும் எல்லாக் கதையும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் அது நன்றாக ஓட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். கேட்கிறவன் இரண்டு பேர் இருந்தால்தான் உழைக்கிறவனுக்கு விலை.

என் மகன் நாள் முழுக்க ரெஸ்லிங் பார்க்கிறான். “அவங்க யாரும் தொழிலாளி இல்லம்மா, எல்லாரும் காண்ட்ராக்ட்” என்கிறான். இவ்வளவு பெரிய கம்பெனியில் ஒரு சங்கம்கூடவா இல்லை?
– வாசகி, தெலுக் இந்தான்

மகன் சொல்வது சரி, அம்மா. டபிள்யூ.டபிள்யூ.இ. வீரர்களின் ஒப்பந்தத்தில் அவர்கள் சுயேச்சையாக வேலை செய்பவர்கள் என்றுதான் இருக்கிறது. நம் ஊர் பாஷையில் சொன்னால் ஈ.பி.எஃப். (சேமநிதி) இல்லை, சொக்சோ (தொழிலாளர் விபத்துக் காப்புறுதி) இல்லை. ரிங்கில் பட்ட காயத்துக்குக் கம்பெனி செலவு செய்யும். ஆனால் மருத்துவக் காப்புறுதியை அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போகும்போது வாடகைக் காரும் ஓட்டல் அறையும் பெரும்பாலானோருக்கு நீண்ட காலம் சொந்தக் காசாகவே இருந்தது. அதே சமயம் எங்கே வேலை, எந்தப் பெயரில், எந்த உடையில், யாரிடம் தோற்பது, எல்லாவற்றையும் சொல்வது கம்பெனி. கம்பெனி அனுமதி இல்லாமல் வேறு இடத்தில் போய்ச் சண்டை போடவும் முடியாது. இதில் சுயேச்சை எங்கே இருக்கிறது?

சங்கம் வைக்க ஒருவர் முயன்றார். ஜெஸ்ஸி வென்சுரா. 1986இல், டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா இரண்டாவது முறையாக நெருங்கிய நேரம். உடை மாற்றும் அறையில் மற்ற வீரர்களிடம், “இப்போது நாம் சேர்ந்து நின்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது” என்ற பேச்சை எடுத்தார். சில நாளிலேயே மெக்மேனிடமிருந்து அவருக்குத் தொலைபேசி மிரட்டல் வந்துவிட்டது. யார் சொன்னது என்று அவருக்குப் பல ஆண்டுகள் தெரியவில்லை. பிறகு வீடியோ கேசட் விற்பனையில் தனக்கு ராயல்டி வரவில்லை என்று கம்பெனி மீது வழக்குப் போட்டார். அந்த வழக்கில் மெக்மேன் சத்தியப் பிரமாணத்தில் சொன்னார், தகவல் கொடுத்தது ஹல்க் ஹோகன் என்று. அந்த நாளில் எல்லாரையும்விட அதிகம் சம்பாதித்த நட்சத்திரம்.

எங்கள் ஊரில் கேசட் வாடகைக் கடை வாசலில் சனிக்கிழமை மாலை நின்றவர்களுக்குத் தெரியும், ஹோகன் படம் போட்ட பெட்டிக்கு எவ்வளவு போட்டி என்று. எனக்கும் அவர் பெரிய வீரர்தான். 2025 ஜூலையில் அவர் இறந்த செய்தி வந்தபோது மனசு கனத்தது. ஆனாலும் இந்த ஒன்றை அவர் கணக்கிலிருந்து என்னால் அழிக்க முடியவில்லை. வென்சுராவுக்கு 1994இல் ஜூரி 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பிறகு அவர் மின்னசோட்டா மாநிலத்துக்கு ஆளுநராகவே ஆனார். சங்கம் மட்டும் இன்றுவரை வரவில்லை.

யூ.எஃப்.சி. பக்கமும் இதே கதைதான். 2018இல் லெஸ்லி ஸ்மித் என்ற வீராங்கனை வீரர்களிடம் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த கடைசிச் சண்டையில் எதிராளி எடை தாண்டிவிட்டார். கம்பெனி லெஸ்லிக்குச் சண்டைப் பணம், வெற்றிப் பணம் இரண்டையும் கொடுத்து, “ஒப்பந்தம் முடிந்தது” என்று அனுப்பிவிட்டது. பணம் கொடுத்து அனுப்புவதும் ஒரு வகை வெளியேற்றம்தான் அம்மா, தோட்டத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம்.

2020 ஏப்ரலில் கோவிட் வந்ததும் ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுத்தியது, சிலரை முழுமையாக, சிலரைத் தற்காலிகமாக. அந்த ஆண்டு கம்பெனியின் வருமானம் 974 மில்லியன் டாலர், அதுவரை இல்லாத உச்சம்.

நம் ஆட்கள் 1954இல் மாநிலத்துக்கு மாநிலம் பிரிந்து கிடந்த சங்கங்களை ஒன்றாக்கித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். முதலாளிகள் சங்கமான மாப்பாவோடு மேசையில் உட்கார்ந்து கூலி பேசினார்கள். கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை, சங்கத்தின் மேல் எனக்குக் கோபமும் உண்டு. ஆனால் கூலி இவ்வளவு என்று அச்சடித்த தாள் ஒன்று, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, லயத்தில் வாழ்ந்த மனிதர்கள் சாதித்தது இது. தொலைக்காட்சியில் உலகமே பார்க்கும் இந்த வீரர்களிடம் அப்படி ஒரு தாள் இல்லை என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

ஜிண்டர் மகால் சாம்பியன் ஆனது திறமையாலா, வியாபாரத்தாலா?
– வாசகர், பாகான் செராய்

வியாபாரத்தால். டபிள்யூ.டபிள்யூ.இ.யில் இந்திய வம்சாவளி வீரரான அவர் 2017 மே மாதம் ரேண்டி ஆர்டனை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். அதற்கு முன்பு வாரா வாரம் தோற்கும் இடத்தில் வைத்திருந்தார்கள். இந்தியச் சந்தையைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் மேலே தூக்கினார்கள். நவம்பரில் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போனது. டிசம்பரில் இரண்டு நாள் என்று அறிவித்திருந்த இந்தியப் பயணம் டெல்லியில் ஒரே ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கியது.

2014இல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, உடம்பைச் செதுக்கிக்கொண்டு 2016இல் திரும்பி வந்தவர் அவர். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். எனக்கு வருத்தம் வேறு விஷயத்தில். இந்திய ரசிகனுக்காகச் சாம்பியன் ஆக்கிவிட்டு, அமெரிக்க அரங்கில் “வெளிநாட்டுக்காரன்” என்று கூச்சல் போட வைத்தார்கள். கனடாவில் பிறந்தவரை! நம்மைக் கைதட்ட வைக்க நம்மையே அவமதித்தால் சந்தை எப்படி வளரும்?

கிங் காங், தாரா சிங் சண்டையெல்லாம் என் அப்பா சொல்வார். உண்மையிலேயே மலாயாவில் நடந்ததா?
– வாசகர், ஈப்போ

நடந்தது ஐயா. கிங் காங் என்ற எமில் சாயா ஹங்கேரியில் பிறந்தவர், சிங்கப்பூரில் குடியேறியவர். தாரா சிங்கும் 1940களின் கடைசியில் சிங்கப்பூரில் இருந்துதான் பெயர் எடுக்கத் தொடங்கினார். இவர்கள் மலாயா ஊர்களில் வந்து குஸ்தி போட்டவர்கள். எங்கள் பகுதிப் பெரியவர்கள் கிங் காங் சாப்பிட்ட கோழிகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது ஆளுக்கு ஒரு கணக்கு வரும்.

இன்னொன்றையும் உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். முகமது அலி 1975 ஜூலை 1ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் ஜோ பக்னரோடு 15 சுற்றும் மோதிப் புள்ளிகளில் ஜெயித்தார். மறு ஆண்டு ஜூனில் தோக்கியோவில் மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கியோடு கலப்பு விதிகளில் மோதினார். இனோக்கி பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டே அலியின் கால்களை உதைத்த அந்தச் சண்டை அன்று எல்லாரிடமும் திட்டு வாங்கியது. இன்று எம்.எம்.ஏ. வரலாற்றை அதிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு.

பெண் பிள்ளைகள் நம் நாட்டில் ரெஸ்லிங் செய்கிறார்களா?
– வாசகி, சித்தியவான்

செய்கிறார்கள். ஃபீனிக்ஸ் டயானா என்ற பெயரில் ஆடும் நோர் டயானா 2019 ஜூலையில், முக்காடு அணிந்தபடியே, ஆண் வீரர்களை வென்று மலேசியா புரோ ரெஸ்லிங் அமைப்பின் பட்டத்தை வாங்கினார். சின்ன உடம்பு, பெரிய தைரியம். தேடிப் பாருங்கள்.

ஐயா, எனக்கு 19 வயது. உணவு டெலிவரி செய்கிறேன், ஈப்போவில் எம்.எம்.ஏ. பழகுகிறேன். அகிலன் தாணி மாதிரி ஆக முடியுமா? வீட்டில் திட்டுகிறார்கள்.
– வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி, அகிலனைப் பிடித்துக்கொண்டாய், சந்தோஷம். சின்ன வயதில் அதிக எடையால் கேலி பட்ட நம் பையன், தோல்வியே காணாமல் 2017 மே மாதம் சிங்கப்பூரில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ என்ற ஆசிய எம்.எம்.ஏ. நிறுவனத்தின் பட்டத்துக்கு பென் ஆஸ்க்ரனோடு மோதினார். முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் தோற்றார். அந்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் அவர் அதோடு நிறுத்தாமல் திரும்பி வந்து சண்டை போட்டார். அதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

ஆஸ்க்ரனுக்குப் பிறகு என்ன ஆனது என்பதும் பாடம். 2018இல் ஒன் நிறுவனம் அவரை விட்டுக்கொடுத்து, யூ.எஃப்.சி.யிலிருந்து டிமிட்ரியஸ் ஜான்சனை எடுத்துக்கொண்டது. பல ஆண்டு யூ.எஃப்.சி. சாம்பியனாக இருந்த ஜான்சன் ஆசியாவுக்கு வந்தார், இங்கேயும் பட்டம் வாங்கினார். ஆஸ்க்ரன் அங்கே போய் 2019 ஜூலையில் ஐந்தே விநாடியில் முட்டியடி வாங்கி விழுந்தார். ஒரு வீரரின் வாழ்க்கை எப்படித் திரும்பும் என்பது அவர் பலத்தில் மட்டும் இல்லை, அவர் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்பதிலும் இருக்கிறது.

வீட்டில் திட்டுவது பயத்தில். அம்மாவை ஒருநாள் ஜிம்முக்குக் கூட்டிப்போய்க் காட்டு. வேலையை விட்டுவிடாதே. டெலிவரி செய்கிறவர்களுக்கு சொக்சோவில் சுயதொழில் திட்டம் இருக்கிறது, அதில் உன் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார். தலையில் அடி பட்டால் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) பக்கமே போகாதே, பயிற்சியாளர் சொன்னாலும்.

அப்புறம், யாராவது ஒப்பந்தம் நீட்டினால் இவற்றைக் கேள்: எத்தனை சண்டை, எத்தனை மாதத்துக்குள்? அவர்கள் சண்டையே ஏற்பாடு செய்யாவிட்டால் நான் வேறு இடத்தில் ஆடலாமா? பயிற்சியில் கால் உடைந்தால் யார் செலவு? நான் சாம்பியன் ஆனால் ஒப்பந்தம் தானாக நீளுமா? யூ.எஃப்.சி. வழக்கில் பெரிதாகப் பேசப்பட்ட பிரிவு இந்தக் கடைசிதான். ஜெயித்தவரால் வெளியே போக முடியாது. பதிலை வாயால் சொன்னால் ஏற்காதே, எழுதித் தரச் சொல். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதன் நகலை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. ஒவ்வொரு வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.