இருவருக்கும் தலசீமியா மைனர்: கருவிலேயே பார்த்துவிட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 25. தருமபுரி மாவட்டம். சொந்தத் தாய்மாமனைத்தான் கல்யாணம் செய்திருக்கிறேன். மூன்று வயதில் ஒரு பையன், நன்றாக இருக்கிறான். இப்போது மறுபடியும் 9 வாரக் கர்ப்பம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 62, சிவப்பணு 52 லட்சம். அடுத்து எடுத்த எச்.பி.எல்.சி.யில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் பரிசோதனை) எச்பி ஏ2 என்ற வகை எனக்கு 5.3 சதவீதம், அவருக்கு 5.1. இருவருக்கும், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மைனர் வகையாம். வயிற்றில் ஊசி போட்டுக் கருவைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். ‘முதல் பிள்ளை நல்லாத்தானே இருக்கான், இதையும் பொறந்தப்புறம் பாத்துக்கலாம்’ என்கிறார் பாட்டி (மாமியாரும் அவர்தான்). ஊசியால் கரு கலைந்துவிடுமா? இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: ஊசிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை இந்த வாரமே முடியுங்கள். உங்கள் இருவருடைய பீட்டா குளோபின் (ஹீமோகுளோபினின் ஒரு பகுதி) மரபணுவிலும் பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. பரிசோதனைதான் அது. மைனர் (மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் பிழை) இருக்கிறது என்பதோடு எச்.பி.எல்.சி.யின் வேலை முடிந்துவிடும்; எந்தப் பிழை என்று அதற்குத் தெரியாது. பெற்றோரின் பிழை தெரியாமல் கருவின் திசுவை எடுத்து அனுப்பினால், ஆய்வகம் அங்கேயிருந்து தேட ஆரம்பிக்கும். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும்.

ஆளுக்கு 3 முதல் 5 மி.லி. ரத்தம், ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுப்பார்கள். வெறும் வயிறு தேவையில்லை. நம் நாட்டில் அடிக்கடி தென்படும் ஐ.வி.எஸ். 1-5, ஐ.வி.எஸ். 1-1, கோடான் 8/9, கோடான் 41/42, 619 எழுத்துகள் காணாமல்போன நீக்கம் போன்ற சில பிழைகளைத்தான் முதலில் தேடுவார்கள். அவற்றில் அகப்படாவிட்டால் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். பெரிய நீக்கம் என்று சந்தேகம் வந்தால், அதைக் கண்டுபிடிக்கும் எம்.எல்.பி.ஏ. பரிசோதனை செய்வார்கள். தாய்மாமன் உறவு என்பதால் உங்கள் இருவருக்கும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பிழை வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வகத்துக்கு அது வசதிதான். அதற்காக ஒருவரை மட்டும் பரிசோதித்து நிறுத்திவிடக் கூடாது. உங்களுக்கு அப்பா வழியில் வேறொரு பிழை வந்திருக்கவும் கூடும்.

உங்கள் எண்களில் குழப்பம் இல்லை. எம்.சி.வி. 62ஐ, சிவப்பணு எண்ணிக்கையான 5.2ஆல் (மில்லியனில்) வகுத்தால் சுமார் 12. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. எச்பி ஏ2 ஐந்தைத் தாண்டியிருப்பது அதை உறுதி செய்கிறது. சிக்கலெல்லாம் 3.3 முதல் 3.9 வரை வருகிறவர்களுக்குத்தான். இரும்புச்சத்துக் குறைவு எச்பி ஏ2 அளவைக் கீழே இழுத்துவிடும், சில லேசான பிழைகளிலும் அது உயராது. துணைவருக்கு மைனர் இருந்தால் இவர்களை ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பாமல் டி.என்.ஏ. பார்க்க வேண்டும்.

பாட்டியின் வாதத்துக்கு வருவோம். பெற்றோர் இருவரும் மைனர் என்றால், குழந்தைக்கு தலசீமியா மேஜர் (இரண்டு பிரதிகளிலும் பிழை உள்ள கடுமையான வகை) வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உங்களைப் போலவே மைனராக இருக்க நான்கில் இரண்டு. எதுவுமே இல்லாமல் இருக்க நான்கில் ஒன்று. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மூத்தவன் தப்பித்ததால் இளையதற்குச் சலுகை கிடையாது.

பிறந்த பிறகு பார்ப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி எச்பி எஃப் என்கிற கரு ஹீமோகுளோபின். அதற்கு பீட்டா குளோபின் தேவையே இல்லை. அதனால் மேஜர் உள்ள குழந்தையும் பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கும். கரு ஹீமோகுளோபின் குறையக் குறைய, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வெளுக்கும். பால் குடிக்காது, வயிறு உப்பும். அதன்பின் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் சேரும் இரும்பை வெளியேற்ற டெஃபரசிராக்ஸ் போன்ற மருந்து தினமும் வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நிரந்தரத் தீர்வு தரக்கூடியது. ஆனால் உடன்பிறந்த ஒருவரின் எச்.எல்.ஏ. (திசுப் பொருத்த அடையாளங்கள்) முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பும் நான்கில் ஒன்றுதான்.

இனி ஊசி. 11 முதல் 14 வாரத்துக்குள் செய்வது சி.வி.எஸ். என்ற நஞ்சுக்கொடித் திசுப் பரிசோதனை. ஸ்கேனில் பார்த்தபடியே, தோலை மரக்கச் செய்து, வயிற்றின் வழியாக நஞ்சுக்கொடியிலிருந்து சில மில்லிகிராம் திசுவை எடுப்பார்கள். ஊசி குழந்தையைத் தொடுவதில்லை. 10 வாரத்துக்கு முன் செய்தால் குழந்தையின் கைகால் வளர்ச்சி பாதிக்கலாம் என்பதால், யார் அவசரப்படுத்தினாலும் அதற்கு முன் வேண்டாம். தவறவிட்டால் 16 வாரத்தில் பனிக்குட நீர் 15 முதல் 20 மி.லி. எடுத்துப் பார்க்கலாம், செல்களை வளர்க்க வேண்டிவந்தால் முடிவு தாமதமாகும். கரு கலையும் அபாயம், பழகிய கைகளில் 200 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. அபாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எடைபோட வேண்டியது இந்த இருநூறில் ஒன்றை, அந்த நான்கில் ஒன்றோடு. ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் பாரம் தூக்க வேண்டாம். காய்ச்சல், ரத்தப்போக்கு, நீர்க்கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பரிசோதனையில் தவறு வருவதற்கு முக்கியக் காரணம், எடுத்த திசுவில் தாயின் செல்கள் கலந்துவிடுவது. உங்கள் பிழையைக் குழந்தையின் பிழையாக ஆய்வகம் படித்துவிடும். இதைத் தவிர்க்க, திசுவை நுண்ணோக்கியின் கீழ் சுத்தம் செய்து, உங்கள் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுக் கலப்பு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அந்த வரி அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரின் பிழை முன்பே தெரிந்திருந்தால் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் முடிவு வந்துவிடும். வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

கையில் ரத்தம் எடுத்தாலே போதும் என்று விளம்பரப்படுத்தப்படும் என்.ஐ.பி.டி.யை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். வழக்கமாகச் செய்யப்படும் அந்தப் பரிசோதனை டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளுக்கானது. ஐந்தாம் மாத ஸ்கேனிலும் பீட்டா தலசீமியா தெரியாது.

1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், ஹீமோகுளோபின் கோளாறுகளுக்காகக் கருவைப் பரிசோதிப்பதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது; பதிவுபெற்ற மையத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் ஜி படிவத்தில் ஒப்புதல் பெற்றுச் செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. மேஜர் என்று வந்தால் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நிறுத்துவது என்றால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இருவர் வேண்டும். சீக்கிரம் தெரிந்துகொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வழி இருக்கிறது. குழந்தை பிறந்த முதல் வாரங்களிலேயே நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து டி.என்.ஏ. பார்த்துவிடலாம். தொப்புள்கொடி ரத்தம் இதற்கு வேண்டாம், அதில் உங்கள் ரத்தம் கலக்கக்கூடும். எச்.பி.எல்.சி.க்கு ஒரு வயது முடியட்டும். அரிவாள் செல் நோயைப் பிறந்ததுமே காட்டிவிடும் அந்தப் பரிசோதனை, பீட்டா தலசீமியா மைனரை அப்போது காட்டாது. மேஜர் என்றால், முதல் முறை ரத்தம் ஏற்றும் முன்பே எச்.பி.எல்.சி., டி.என்.ஏ., விரிவான ரத்த வகை ஆகிய மூன்றுக்கும் ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றிவிட்டால் கொடுத்தவரின் சிவப்பணுக்கள் கலந்து, எச்.பி.எல்.சி.யும் ரத்த வகையும் மூன்று மாதத்துக்கு நம்பத்தகாதவையாகிவிடும். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் அந்தக் குழந்தைக்கே உதவும் என்று யாராவது விற்க வந்தால், அதிலும் அதே பிழைதான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு) பாருங்கள், குறைவாக இருந்தால் மாத்திரை தேவை, மைனர் என்பது அதற்குத் தடையில்லை. எம்.சி.வி. குறைவு என்பதை மட்டும் வைத்து இரும்பு ஊசி போட்டுக்கொள்வதுதான் கூடாது. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பையனுக்கு மேஜர் இருந்திருந்தால் மூன்று வயதுக்குள் பெரும்பாலும் வெளிப்பட்டிருக்கும். மைனராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. வேறெதற்காவது ரத்தம் எடுக்கும்போது பார்த்தால் போதும். அதைவிட முக்கியம் உங்கள் அம்மா, அவருடைய உடன்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள். சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் எம்.சி.வி. 80க்குக் கீழேயோ எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் இருக்கும் சராசரி ஹீமோகுளோபின்) 27க்குக் கீழேயோ இருப்பவர்கள் எச்.பி.எல்.சி. எடுக்கட்டும். உங்கள் வீட்டில் சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் வழக்கம் இருப்பதால், அடுத்த கல்யாணப் பேச்சு தொடங்கும் முன்பே எடுத்துவிடட்டும்.