வேலைய விட்டுப் போனவரோட யூசரை அழிச்சாச்சு, அவரோட ஃபைல் எல்லாம் புதுசா வந்தவருக்கு எப்படித் திறக்குது?

ஹேக் எல்லாம் ஆகலங்க, பயப்படாதீங்க. நீங்க எழுதுனபடி பார்த்தா உபுண்டுங்கற லினக்ஸ் ஓடுற சர்வர், ஒருத்தர் வேலைய விட்டுப் போனாரு, டெல்யூசர் கமாண்ட் போட்டு அவர தூக்கிட்டீங்க, அடுத்த வாரம் வந்த பொண்ணுக்கு ஆட்யூசர் போட்டு புது யூசர் குடுத்தீங்க, இப்ப அந்தப் பொண்ணால பழைய ஆளோட ஃபைல் எல்லாத்தையும் திறந்து திருத்தவே முடியுது. இதே பிரச்சினைய நான் நேர்ல பார்த்திருக்கேன்.

நான் கடலூர்ல இருக்கேன். 2019ல பாண்டிச்சேரி மிஷன் வீதி பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து காலைலயே போன், "தம்பி, புதுசா சேர்ந்த பையன் எல்லாரோட சம்பள ஷீட்டையும் பார்த்துட்டான், யாரோ பாஸ்வேர்ட குடுத்துட்டாங்க போல, உடனே வா"ன்னு அங்க கணக்கு பாக்குற அக்கா பதட்டமா பேசினாங்க. ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம்னு பஸ்ல போற வழி பூரா யாரு பாஸ்வேர்ட் லீக் ஆச்சுன்னுதான் யோசிச்சுட்டுப் போனேன். போய் லாகின் லாக் எல்லாம் ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒரு தப்பும் இல்ல. அப்புறம் அந்த ஃபோல்டர்ல ஃபைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் மைனஸ் எல் கமாண்ட் போட்டா ஓனர்னு புதுப் பையன் பேரு நிக்குது, ஆனா ஃபைலோட தேதி அவன் சேர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி! மைனஸ் எல்என் போட்டு பேருக்குப் பதிலா நம்பரா பார்த்தேன், எல்லா வரியிலயும் 1004. அப்பதான் புரிஞ்சுது.

லினக்ஸ் டிஸ்க்ல உங்க பேர எழுதி வைக்கறதே இல்லங்க, யூசர் நம்பர மட்டும்தான் எழுதுது, அந்த நம்பருக்கு இன்ன பேருன்னு சொல்றது ஈடிசி ஃபோல்டர்ல இருக்குற பாஸ்வேர்ட் ஃபைல்ல ஒரே ஒரு வரி. யூசரை அழிச்சா அந்த வரி போயிடும், ஃபைல் எல்லாம் 1004ன்னே அப்படியே கிடக்கும். ஆட்யூசர் 1000ல இருந்து எண்ணிட்டே வந்து முதல்ல காலியா இருக்குற நம்பர எடுத்து புது ஆளுக்குக் குடுத்துடும், அது பழைய ஆளோட நம்பரா இருந்தா அவரோட ஃபைல் எல்லாம் புது ஆளோடதா ஆயிடும். யூசர் உருவாக்குற இன்னொரு கமாண்டான யூஸர்ஆட் போட்டிருந்தா இருக்கறதுலயே பெரிய நம்பருக்கு அடுத்தத எடுக்கும், ஆனா நீங்க அழிச்சது கடைசி நம்பர்னா அங்கயும் இதே கதிதான்.

சரி பண்றதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துடுங்க, அந்தப் பொண்ண லாக்அவுட் பண்ணச் சொல்லுங்க, அவங்க பேர்ல எதாவது புரோகிராம் ஓடிட்டிருந்தா, நம்பர மாத்துற யூசர்மாட் கமாண்ட் மறுத்துடும். நாங்க பண்ணது இதுதான். புது ஆளோட குரூப் நம்பர குரூப்மாட் கமாண்ட்ல 1020க்கு மாத்தினோம், அப்புறம் யூசர்மாட் மைனஸ் யு போட்டு ஆளையும் 1020க்கு மாத்தினோம். ஹோம் ஃபோல்டர்ல இருக்குற ஃபைலோட ஓனர அதுவே மாத்திக்கும், குரூப்ப நாமதான் மாத்தணும். ஹோமுக்கு வெளிய ஷேர் ஃபோல்டர்ல இருக்கறத அது தொடவே தொடாது, அங்கதான் வேலை இழுக்கும். ஃபைல் தேடுற ஃபைண்ட் கமாண்ட்ல 1004 நம்பர் ஃபைல் எல்லாம் எடுத்து, புது ஆளு சேர்ந்த தேதிக்கு அப்புறம் மாறினத தனியா பிரிச்சு, கண்ணால ஒவ்வொண்ணா பார்த்துதான் ஓனர் மாத்தினோம். ஏன்னா பழைய ஆளோட ஃபைல புது ஆளு திருத்தியிருந்தாலும் அந்த லிஸ்ட்ல வந்து நிக்கும், மொத்தமா மாத்திட்டா மறுபடியும் குழப்பம். கடைசியா பழைய பேர்லயே 1004 நம்பரோட லாகின் இல்லாத யூசரா திரும்ப உருவாக்கிட்டோம், இனிமே அந்த நம்பர் வேற யாருக்கும் போகாது.

அதனால இனிமே யூசரை அழிக்காதீங்க, பூட்டி வைங்க. அதுலயும் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. யூசர்மாட்ல மைனஸ் பெரிய எல் போட்டா, பாஸ்வேர்ட உருமாத்தி ஹாஷா வெச்சிருக்குற ஷேடோ ஃபைல்ல அந்த ஹாஷுக்கு முன்னாடி ஒரு ஆச்சரியக்குறி விழும், பாஸ்வேர்ட் போட்டு உள்ள வர முடியாது, சரி, ஆனா அவர் பாஸ்வேர்ட் இல்லாமலே தூரத்துல இருந்து லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச் கீ வெச்சிருந்தார்னா வீட்ல உக்காந்துட்டு தாராளமா உள்ள வரலாம்! அதனால கூடவே மைனஸ் ஈ 1ன்னு எக்ஸ்பயரி தேதியும் போடணும், அது 1970 ஜனவரி 1ல இருந்து எண்ணின ஒரு நாள் கணக்கு, அதாவது அக்கவுண்ட் எப்பவோ காலாவதி. விண்டோஸ் மெஷினுக்கு ஃபோல்டர் ஷேர் பண்ற சாம்பால ஷேர் குடுத்திருந்தீங்கன்னா அதுக்குப் பாஸ்வேர்ட் லிஸ்ட் தனி, எஸ்எம்பி பாஸ்வேர்ட் கமாண்ட்ல மைனஸ் டி போட்டு அங்கயும் முடக்குங்க. இத மறந்தா சில செட்டிங்ல விண்டோஸ் மெஷின்ல இருந்து அவருக்கு ஷேர் திறந்துட்டே இருக்கலாம்.

இன்னொண்ணு, ஃபைண்ட்ல மைனஸ் நோயூசர் போட்டுப் பாருங்க, ஓனர் பேரே இல்லாம நம்பர் மட்டும் தொங்கிட்டிருக்குற ஃபைல் எல்லாம் வரும், அடுத்து சேர்ற ஆளுக்குப் போகப் போறது அதெல்லாம்தான்.

அந்த ஆபீஸ் அக்கா இப்ப ஒரு நீளக் கணக்கு நோட்டுல யார் சேர்ந்தாலும் பேரு, நம்பர், சேர்ந்த தேதி, போன தேதின்னு கோடு போட்டு எழுதி வெச்சிருக்காங்க. யூசர் போடச் சொல்லி எனக்கு போன் பண்ணா அடுத்த நம்பர அவங்களே சொல்லிடுறாங்க, நான் அதையே மைனஸ் யு போட்டு குடுத்துடுறேன். போன மாசம் சொன்னது 1027.