படகு கரையில, புள்ளைங்க வீட்ல: தடைக்காலக் கேள்வி பதில்

பால்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவ நான். பாம்பன்ல வீடு. மீன்பிடித் தடைக்காலம்னு ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளிக்கூட லீவும் அதே சமயத்துலதான். வீட்ல ஆள் கூட, கையில காசு குறைவு. புள்ளைங்களை வீட்ல எப்படிச் சமாளிக்கிறதுன்னு வந்த கேள்விகளுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

தங்கச்சிமடத்திலிருந்து: டீச்சரம்மா, பையனுக்கு ஒன்பது வயசு, பொண்ணுக்கு ஏழு. ரிமோட்டுக்கு அப்பாவோட சேர்ந்து மூணு பேரும் அடிச்சுக்கிறாங்க. பல்லாங்குழி வாங்கலாம்னு போனேன், விலையைக் கேட்டுட்டுத் திரும்பிட்டேன்.

பதில்: கட்டை எதுக்கும்மா? சிமெண்டுத் தரையில சாக்பீஸால பக்கத்துக்கு ஏழு வட்டம் போடுங்க. மணல்ல குழி தோண்டலாம், ஆனா கொட்டை பாதி மண்ணுக்குள்ள போயிரும். வட்டத்துக்கு அஞ்சு புளியங்கொட்டை, ஆக 70. உங்க பக்கத்துல ஒரு குழியை அள்ளி ஒண்ணொண்ணாப் போட்டுட்டே போகணும். கை காலியானா அடுத்த குழியை அள்ளணும். அடுத்த குழி வெறுங்குழியா இருந்தா அதை விரலால வழிச்சுட்டு, அதுக்கு அடுத்ததுல இருக்கிறதை எடுத்துக்கலாம். அதுவும் வெறுங்குழின்னா ஆட்டம் கை மாறும். ஒரு குழியில நாலு சேர்ந்தா அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொந்தம். கவனிக்காம விட்டா அஞ்சாவது கொட்டை விழுந்திரும், பசு போச்சு. உங்க ஏழு வயசு கண்ணை எடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்கும் பாருங்க. எண்ணிக்கை தானா வரும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கொட்டையைக் குடுத்துட்டு நீங்க அடுப்படிக்குப் போயிட்டீங்கன்னா பத்து நிமிஷத்துல டிவி ஓடும். முதல் ரெண்டு நாள் நீங்க உக்காரணும். தோக்கவும் செய்யணும்.

புளியங்கொட்டைன்னதும் ஞாபகம் வருது. இரண்டாம் உலகப்போர் ஆரம்பிச்ச சமயம் அதுக்குத் திடீர்னு கிராக்கி வந்ததாம். நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம் சின்னப் பையனா அதைப் பொறுக்கிக் கடையில போட்டு நாளுக்கு ஒரு அணா பாத்திருக்காரு. நாம குப்பையில கொட்டுறோம்.

தேவிபட்டினத்திலிருந்து: வீட்ல தாயம் உருட்டினா தரித்திரம்னு மாமியார் திட்டுறாங்க. நிஜமாக்கா?

பதில்: காசு வச்சு உருட்டினா கண்டிப்பா தரித்திரம்தான். சும்மா ஆடினா ஒண்ணும் ஆகாது. அவங்களையும் கூப்பிட்டு ஒரு காய் குடுங்க, அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க. தாயக்கட்டை இல்லன்னா நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான தரையில வெள்ளை தெரியுற வரைக்கும் தேயுங்க. ஒரு வெள்ளை விழுந்தா தாயம். நாலும் வெள்ளைன்னா நாலு, நாலும் கறுப்புன்னா எட்டு, எங்க தெருக் கணக்கு இது. தேய்ச்ச சூட்டோட அடுத்தவன் கையில வச்சு அமுக்குற வேலையையும் பசங்க பண்ணுவாங்க, பாத்துக்கங்க.

மண்டபத்திலிருந்து: பையனுக்கு 14 வயசு. பல்லாங்குழி பொம்பளைப் புள்ளைங்க ஆட்டம்னு சொல்லிட்டு எந்நேரமும் போனோட கிடக்கிறான்.

பதில்: போனைப் பிடுங்காதீங்க, வீம்புதான் வளரும். ஆடு புலி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டு வைங்க. உச்சியில ஒரு புள்ளி, அங்கேருந்து கீழே நாலு கோடு, குறுக்கே நாலு கோடு. மேல் மூணு குறுக்குக் கோடும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீளணும், அந்த நுனிகளை மேலேருந்து கீழே கோடு போட்டுச் சேர்த்துடணும். அதுல ஆறு ஆறு புள்ளி, கடைசிக் கோட்டுல நாலு, உச்சியோட சேர்த்து 23. புலிக்கு மூணு கல், ஆட்டுக்கு 15 மட்டி ஓடு. ஆடு ஒண்ணொண்ணா இறங்கும். 15-ம் இறங்கினப்புறம்தான் நகர முடியும். புலி தாண்டிக் குதிச்சு வெட்டும். ஆடெல்லாம் சேர்ந்து மூணு புலியையும் அசைய விடாம அடைச்சா ஜெயிப்பு. தாத்தா இருந்தா ஆடு அவருக்கு. பையன் புலின்னு தெனாவட்டா உக்காந்து, மூணு ஆட்டம் வரிசையாத் தோப்பான். நாலாவதுக்கு அவனே கூப்பிடுவான்.

கீழக்கரையிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சரம்மா. நாலு வயசு ரெட்டைப் புள்ளைங்க. மத்தியான வெயில்ல வெளியே விட முடியல.

பதில்: வஅலைக்கும் ஸலாம் மா. நுங்கு சீசன்தானே. தின்னுட்டுக் கூந்தலை, அதான் நுங்கு எடுத்த வெறுங்காயைத், தூக்கிப் போடாம ரெண்டு கூந்தலுக்கு நடுவுல ஒரு குச்சியைக் குத்துங்க, கவட்டைக் குச்சியால தள்ளட்டும். திண்ணையிலேயே நுங்கு வண்டி ஓடும். ரெட்டைன்னா வண்டியும் ரெண்டு, மறந்துராதீங்க.

ராமேஸ்வரத்திலிருந்து: சென்னையிலேருந்து நாத்தனார் புள்ளைங்க வந்திருக்கு. கரையில ஒதுங்குற பவளப்பாறைத் துண்டைக் கொண்டுவந்து கலர் அடிக்கலாமா?

பதில்: வேணாம்மா. செத்து ஒதுங்கினதா இருந்தாலும் பவளப்பாறை எடுக்கிறது வனவிலங்குச் சட்டப்படி குத்தம். கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் அதே கதைதான். மட்டி ஓடு கிடைக்கும், அதுல கண்ணு மூக்கு வரையச் சொல்லுங்க.

தொண்டியிலிருந்து: ராத்திரி கரண்ட் போனா புள்ளைங்க அழுவுதுங்க. அவர் டீக்கடையிலேருந்து வந்தா படுத்துருவார், பேச்சே இல்ல.

பதில்: எல்லாரும் பாயோட மாடிக்குப் போங்க. 'ராத்திரி போட்டுல திசை எப்படிங்க பாப்பீங்க?'ன்னு புள்ளைங்க முன்னாடி அவரைக் கேளுங்க. அப்புறம் பாருங்க, மனுஷன் வாயை மூட மாட்டார். மே மாசம் ஒன்பது மணி வாக்குல தெற்கே, ரொம்ப உயரமில்லாம, நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிக்கும். இடது பக்கம் ரெண்டு பளிச்சுன்னு அதைக் காட்டும். வடக்கே கவுத்து வச்ச அகப்பை மாதிரி சப்தரிஷி. அகப்பைக் காம்பு நுனியிலேருந்து ரெண்டாவது வசிட்டர், அவரை ஒட்டிப் பொடியா அருந்ததி. யாருக்கு முதல்ல தெரியுதுன்னு போட்டி வைங்க. போன வருஷம் என் பேத்தி டக்குனு காட்டிட்டா, எனக்கு ஒரே மங்கல். அப்புறம்தான் கண்புரைன்னு தெரிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. இந்த மே மாசம் அவகிட்ட தோக்கிறதா இல்ல.