மரபணுக்கள் 20,000 தான் என்றால், கிருமிகளைப் பிடிக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) கோடிக்கணக்கான வகைகளில் எப்படி உருவாகின்றன?

கல்லூரி நாள்களில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. ஒரு எதிர்ப்பொருளுக்கு ஒரு மரபணு என்று கணக்குப் போட்டால் நிச்சயம் இடிக்கும். ஆனால் முழுமையான எதிர்ப்பொருள் மரபணு எதுவும் கருவிலேயே நமக்குக் கிடைப்பதில்லை. துண்டுகள் மட்டுமே கிடைக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் வளரும் ஒவ்வொரு பி செல்லும் (எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளணு) தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி ஒட்டித் தனக்கென ஒரு மரபணுவைச் செய்துகொள்கிறது.

12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய் ஆவதைப் போலத்தான். எதிர்ப்பொருள் கனமானது, லேசானது என இருவகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. கனமான சங்கிலிக்கான மரபணுத் துண்டுகள் மூன்று வகை: வி (V) துண்டுகள் சுமார் 40, டி (D) துண்டுகள் 23, ஜே (J) துண்டுகள் 6. வகைக்கு ஒன்றாகச் சேர்த்தாலே ஐயாயிரத்துக்கும் மேல். லேசான சங்கிலியின் சேர்க்கைகளையும் பெருக்கினால் ஏறத்தாழ 17 லட்சம்.

வெட்டுவது ராக்-1, ராக்-2 என்ற இரு புரதங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் 7 டி.என்.ஏ. எழுத்தும் 9 எழுத்தும் கொண்ட இரண்டு அடையாளங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே 12 அல்லது 23 எழுத்து இடைவெளி. 12 இருப்பது 23 இருப்பதோடுதான் சேரும். கனமான சங்கிலியில் வி, ஜே இரண்டுக்கும் 23. டி துண்டுக்கு இருபுறமும் 12. அதனால் டி இல்லாமல் வியும் ஜேயும் நேராக ஒட்ட வழியில்லை. இந்த ஒழுங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புதான்.

ஒட்டும் இடத்தில் இன்னொரு நொதி, எந்த மூலப் பிரதியையும் பார்க்காமல், சில எழுத்துகளைத் தன் போக்கில் சேர்த்துவிடுகிறது. லட்சக்கணக்கு கோடிக்கணக்காகப் பெருகுவது இங்கேதான். இதற்கு விலையும் உண்டு. மரபணு மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால், ஒட்டியவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வரிசை பிசகி வீணாகிறது. அப்போது மற்றக் குரோமோசோமில் இன்னொரு முயற்சி. அதுவும் தவறினால் அந்தச் செல் இறந்துவிடும்.

உடலின் எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ. ஒன்றே என்று நம்பப்பட்ட காலத்தில், 1976 இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஜப்பானிய விஞ்ஞானிகளான சுசுமு டோனெகாவாவும் நொபுமிச்சி ஹொசுமியும் எலிக் கருவின் டி.என்.ஏ.வையும் எதிர்ப்பொருள் சுரக்கும் எலிக் கட்டியின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். கருவில் தள்ளித் தள்ளி இருந்த பகுதிகள் கட்டியில் அருகருகே வந்திருந்தன. டோனெகாவாவுக்கு 1987 இல் நோபல் பரிசு கிடைத்தது.

நோய் எதிர்ப்பில் பங்குள்ள இன்னொரு வெள்ளணு வகையான டி (T) செல்களும் இதே ராக் புரதங்களைத்தான் நம்பியிருக்கின்றன. இந்தப் புரதங்கள் முற்றிலும் செயலிழந்து பிறக்கும் குழந்தைக்கு பி செல்லும் இருக்காது, டி செல்லும் இருக்காது. மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைக்காவிட்டால், மற்றவர்களுக்குச் சாதாரணமாக வந்துபோகும் தொற்றே அந்தக் குழந்தையின் உயிரைப் பறித்துவிடும்.