பூட்டன் ரம்பத்துக்கு 260 வயதா?

மேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: பூட்டன் புழங்கிய கைரம்பம் பரணில் கிடைத்தது, தகட்டில் மங்கலாக ஸ்பியர் அண்ட் ஜாக்சன், ஷெஃபீல்டு, 1760, மேட் இன் இங்கிலாந்து என்று தெரிகிறது, அப்படியானால் 260 வயசுக்கு மேல்தானே, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி விற்கலாமா?

தம்பி, முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். அந்த எழுத்து அமிலத்தால் அரித்துப் போட்டது, ஆழமே கிடையாது, நாலு தேய் தேய்த்தால் சாட்சியே போய்விடும். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சவரப் பிளேடைப் படுக்கவைத்துத் துருவை மட்டும் வழித்தெடுங்கள். அப்புறம் சாயங்கால வெயிலில் தகட்டைச் சாய்த்துப் பார்த்தால் மிச்ச எழுத்தும் தெரியும்.

1760 என்பது கம்பெனி தொடங்கிய வருஷம், ரம்பம் செய்த வருஷமில்லை. அப்போது ஜாக்சன் என்ற பேரே அதில் கிடையாது, அவர் கூட்டாளியானது 1830 வாக்கில்தான். போதாததற்கு மேட் இன் இங்கிலாந்து வேறு இருக்கிறது. இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போட்டாக வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்த மாதிரி முத்திரை பெருகியது. ஆக உங்களுடையது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பூட்டன் கணக்குக்கும் அது சரியாகவே வருகிறது.

கைப்பிடியில் பித்தளை வில்லை இருக்கும், அதையும் படியுங்கள். அமெரிக்காவின் டிஸ்டன் கம்பெனி ரம்பமாக இருந்தால் வேலை சுலபம்: பேருக்குப் பின்னால் 'அண்ட் சன்' என்று ஒருமையில் இருந்தால் 1865க்கும் 1871க்கும் நடுவில், 'சன்ஸ்' என்றால் அதற்குப் பிந்தியது. 'வாரண்டட் சுப்பீரியர்' என்று மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, ரம்பம் செய்த அத்தனை கம்பெனிக்காரர்களும் போட்ட வில்லை அது. கைப்பிடியைத் தகட்டோடு இறுக்கும் நட்டில், தலையில் பள்ளம் வெட்டி மரத்தோடு மட்டமாக உட்கார்ந்திருக்கும் வெட்டு நட்டைப் பார்த்து ரொம்பப் பழசு என்பார்கள். அமெரிக்க ரம்பத்துக்கு அது பொருந்தும், ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் அதை விடவில்லை. பல்லை வைத்து வயது பார்ப்பதெல்லாம் வீண், ஆசாரி அரம் போட்டுப் போட்டு அது எத்தனையோ தடவை மாறியிருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வில்லை கைப்பிடியின் வயதைத்தான் சொல்லும், தகட்டின் வயதை இல்லை. மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் ஒன்று வாங்கினேன், அருமையான பழைய வில்லை, வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் கைப்பிடியில் திருகாணி மூன்று, தகட்டில் ஓட்டை ஐந்து, அதாவது கைப்பிடி வேறு ரம்பத்துடையது. அந்த வில்லைக்காகவே இருநூறு ரூபாய் கூடக் கொடுத்திருந்தேன்.