நாவலடியில் வளர்ந்த கணவரின் கோபம்

தங்கச்சி, மகள் ரியூசன் விட்டுவரக் கொஞ்சம் பிந்தினாலே கணவர் கத்துகிறார், அது பிறவிக் குணமா என்று கேட்டிருந்தீர்கள். 2004 சுனாமியில் மட்டக்களப்பு நாவலடியில் தாயை இழந்தபோது அவருக்குப் பத்து வயது என்கிறீர்களே! பயத்திலேயே வளர்ந்த பிள்ளையின் மனம் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கப் பழகிவிடும். (அதற்காகக் கத்துவது சரியென்று சொல்லவில்லை.)

ஆனால் அதுவே தலையெழுத்தும் அல்ல. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் கவனித்தார். கடும் கஷ்டத்தில் வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றிலொருவர் நன்றாகத் தேறினார்கள். பலருக்கு, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார்.

உங்கள் கணவருக்கு அப்படி அம்மம்மா இருந்தாவே, அவவைப் பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வகுப்பு முடிந்ததும் மகள் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கட்டும். இரவில் தூக்கமும் இல்லையென்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.