முழங்கால் உயரத்தில் உதிரும் சுவர்

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா கட்டிய செம்பூராங்கல் சுவர் முழங்கால் உயரத்தில் மாவாக உதிர்கிறது. சிமெண்ட் பூசி கெமிக்கல் கோட்டிங் அடித்தால் போதும் என்கிறார் காண்டிராக்டர். செய்யலாமா?"

வேண்டாம். சுவரில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை நாக்கு நுனியில் வைத்துத் துப்பிப் பாருங்கள், கரிக்கும். உப்புதான் காரணம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சுவர் மண்ணிலிருந்து உப்புத் தண்ணீரை இழுக்கிறது. அடிச்சுவர் எப்போதும் ஈரம், அங்கே உப்பு கரைந்தே கிடக்கும். முழங்கால் உயரத்தில்தான் வெயிலும் காற்றும் பட்டு நீர் ஆவியாகிறது. மிஞ்சிய உப்பு கல்லின் துளைக்குள் படிகமாக வளர்ந்து, கல்லை உள்ளிருந்தே நெம்பிப் பொடியாக்குகிறது. ஐப்பசி மழையில் கரையும், மாசி வெயிலில் மறுபடி இறுகும். திருவக்கரைப் பக்கத்துக் கருங்கல்லில் துளை மிகக் குறைவு, அதனால் அது தாங்குகிறது.

சிமெண்டும் கோட்டிங்கும் ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். அது இன்னும் மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் உடைக்கும். கோட்டிங் டப்பாவுக்குக் கமிஷன் உண்டு, சுண்ணாம்புக்கு இல்லை. அந்தப் பேச்சின் வேர் இதுதான்.

ஈரக் கறைக்கு மேல் 2 அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். அப்புறம் சுண்ணாம்புக் காரை பூசுங்கள். அது ஈரத்தை வெளியே விடும், உப்பு கல்லுக்குப் பதில் காரையை உடைக்கும். சில வருடத்தில் காரை உதிரும், மறுபடி பூச வேண்டும். கல் பிழைக்கும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் காலச் சுவர்களிலும் சுண்ணாம்புக் காரைதான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பாருங்கள். உப்பு ஏறினால் எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கறை தெரியும். ஒரே ஒரு மூலையில் மட்டும் இருந்து, சித்திரையிலும் ஈரம் காயாமல், பின்பக்கம் குளியலறையும் இருந்தால் குழாய்தான் கசிகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்தக் காரையும் நிற்காது.

காரைக்கு மணல் வாங்கும்போதும் கவனம். ராத்திரியில் இறக்கிவிட்டு ஆற்று மணல் என்று சத்தியம் செய்யும் இடைத்தரகரை நம்பாதீர்கள். கையில் அள்ளிப் பாருங்கள், கிளிஞ்சல் துண்டு தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள். கடல் மணலென்றால் உப்பை நீங்களே காசு கொடுத்து வாங்கிப் பூசுகிறீர்கள்.

அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாத பட்டை போட்டிருந்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இல்லை. வரைபட அனுமதியில் வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடைவெளியை அங்குலக் கணக்கில் அளக்கிறார்கள். அந்தப் பட்டை போட்டீர்களா என்று வந்து பார்த்தவரை நான் கண்டதில்லை.

தை கடைசியில் கொத்துங்கள், சித்திரை முழுக்கக் காயவிடுங்கள், ஆனியில் பூசுங்கள். மழைக்கு முன் காரை இறுகிவிடும்.